ப்ரெட்போர்டுக்குத் தமிழ்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோத்தகிரி ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். பழைய ரேடியோ, கால்குலேட்டர் மாதிரிக் கருவிகளைத் திரையிலேயே பூட்டி, நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் பாவனை விளையாட்டு ஒன்றை எட்டாம் வகுப்புக்காகத் தமிழ்ப்படுத்துகிறோம். முத்தோரை பாலாடா ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்து வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு இதே பேச்சு. எல்லாம் முடிந்து, ப்ரெட்போர்டு மட்டும் நிற்கிறது. சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயம்) வைக்காமல், உறுப்புகளின் கால்களைத் துளையில் செருகிச் சுற்று அமைக்கும் பலகை. பொத்தானில் 12 எழுத்துதான் கொள்ளும். வெள்ளி இரவு மொழிபெயர்ப்புக் கோப்பை மூடுகிறார்கள். 'ரொட்டிப் பலகை' என்றேன், "வர்க்கி வைக்கலாமா டீச்சர்?" என்கிறான் ஒருவன்.

குன்னூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ரொட்டி ஏனம்மா? சால்டருக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பற்றாசு. சுருக்கி ஆசு. இரண்டு குறள் வெண்பாவைத் தனிச்சொல்லால் இணைக்கும்போது ஓசை இடறினால், முதற்குறளின் இறுதியில் ஓரசையோ ஈரசையோ கூட்டுகிறோமே, அது ஆசு. பாட்டு ஆசிடை நேரிசை வெண்பா. பொற்கொல்லர் பட்டறையிலிருந்து யாப்புக்கு வந்த சொல். ஆசு இல்லாமல் இணைப்பது ஆசிலாப் பலகை. ஏழே எழுத்து.

ஊட்டி, ரேடியோ பழுது பார்ப்பவர்:
ஐயா, கடையில் நாங்கள் சொல்வது 'ஈயம் வைக்கிறது'. பற்றாசு எடுத்து வா என்றால் பையன் பட்டாசோடு வருவான். அதோடு ஆசு என்றால் குற்றமும்தானே? ஆசிலாப் பலகை குற்றமில்லாத பலகை ஆகிவிடும். நான் பார்த்த ப்ரெட்போர்டுகளில் பாதிக்கு உள்ளே கிளிப் தளர்ந்து கிடக்கும்.

குன்னூர்:
சிலேடை தமிழுக்குக் குறையா? ஆசுகவியின் ஆசு வேறு, அது வடசொல், விரைவு என்று பொருள். அதைச் சேர்த்தாலும் நமக்கு ஆதாயம்தான்: விரைவாகக் கட்டும் பலகை.

கூடலூர்:
1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களது. வீட்டில் இன்றும் பிரட்டுக்குப் பாண்தான். பாண் பலகை என்று வையுங்களேன். அந்தக் காலத்து ரேடியோப் பித்தர்கள் அடுப்படியில் ரொட்டி அறுக்கும் பலகையை எடுத்து, ஆணியடித்து உறுப்புகளைப் பொருத்தியதால்தானே அந்தப் பெயரே வந்தது? கதையும் போகாது.

குன்னூர்:
அந்தப் பாண் போர்த்துகீசியம். ஆனால் தமிழிலும் பாண் உண்டு, பாட்டு என்று பொருள். பாணர் அதன் வழி. ரேடியோ பாட்டுப்பெட்டி. ஆக, பாண் பலகை என்பது...

ஊட்டி:
ஐயா, கால்குலேட்டர் என்ன பாடுகிறது?

கொடைக்கானல், கணினிப் பயிற்றுநர்:
எழுத்துக் கணக்கில் ஒரு சிக்கல். நன்னூல்படி பற்றாசு நான்கு எழுத்து, புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக எண்ணும் யூனிகோடில் ஏழு. கணினி பார்ப்பது இரண்டாவதை. இடைவெளியும் சேர்த்தால் ரொட்டிப் பலகை 13, அது கழிந்தது. ஆசிலாப் பலகை சரியாக 12. பாண் பலகை 9. நான் சொல்வது செருகு பலகை, 11. துளைகளுக்கு நடுவே 2.54 மில்லிமீட்டர், வரிசைக்கு ஐந்து துளை அடியில் ஒன்றாக இணைந்திருக்கும். பிள்ளை செய்யப்போவது செருகுவது மட்டும்தான்.

கூடலூர்:
சங்கப் பலகையும் 11 வருகிறதே! தகுதியில்லாத உறுப்பைத் தண்ணீரில் தள்ளிவிடும்.

குன்னூர்:
கேலி வேண்டாம். மெமரி கார்டையும்தான் செருகுகிறோம். இந்தப் பலகைக்கே உரிய குணம் பற்றாசு வேண்டாததுதான். அது 'செருகு'வில் எங்கே இருக்கிறது?

கோத்தகிரி ஆசிரியை:
மன்னிக்கணும், மதியத்திலிருந்து கரண்டு இல்லை, இப்போதுதான் வந்தது. செருகு பலகைக்கு மூன்று பேர், பாண் பலகைக்கு ஒருவர், ஆசிலாவுக்கு ஐயா. செருகு பலகை என்றே ஏற்றிவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள் 'ஓட்டைப் பலகை' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதைக் கோப்பில் போடவில்லை.

குன்னூர்:
ஏற்றியது ஏற்றியதாக இருக்கட்டும். சால்டருக்கு என்ன போட்டீர்கள்? 'சால்டர்' என்றே விட்டிருந்தால் நாளைக் காலை எழுதுகிறேன்.