வேப்பர்வேர்: தமிழில் என்ன சொல்லலாம்?

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

கலைச்சொல் மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உடனடியாக ஒரு சொல் வேண்டும். நான் மொழிபெயர்க்கும் கட்டுரை வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. இன்று புதன்.

தொழில்நுட்ப நிறுவனங்கள் "இதோ வருகிறது" என்று முழங்குவதையும், செய்தியைப் படித்தவர்கள் "வரட்டும், பார்க்கலாம்" என்று சிரிப்பதையும் பற்றிய கட்டுரை அது. 'வேப்பர்வேர்' என்ற சொல் அதில் 17 இடங்களில் வருகிறது. அறிவிப்பு வரும், விளம்பரம் வரும், சில நேரம் முன்பணமும் வாங்கிவிடுவார்கள்; பொருள் மட்டும் வராது. அப்படிப்பட்ட பொருளுக்குத்தான் இந்தப் பெயர்.

1982-இல் மைக்ரோசாஃப்டின் ஜெனிக்ஸ் இயங்குதளம் என்ன ஆயிற்று என்று மென்பொருள் தொழில்முனைவர் ஆன் வின்பிளாட் கேட்டபோது, அங்கிருந்த பொறியாளர் ஒருவர் இந்தச் சொல்லைப் பதிலாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு கணினித் துறை ஆய்வாளர் எஸ்தர் டைசன் தம் செய்திமடலில் எழுத, சொல் பரவியது. 1983 நவம்பரில் அறிவித்த விண்டோஸ், 1985 நவம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. 1997-இல் அறிவித்த 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' என்ற கணினி விளையாட்டு 2011-இல் வந்தது. ஆப்பிளின் ஏர்பவர் மின்னேற்றப் பலகையை 2017 செப்டம்பரில் மேடையில் காட்டினார்கள். 2019 மார்ச்சில் திட்டத்தையே கைவிட்டார்கள். 'வயர்டு' என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப இதழ்க்காரர்கள் இப்படிப்பட்ட பொருள்களுக்கு ஆண்டுதோறும் விருதே கொடுத்தார்கள். அந்த விளையாட்டுக்கு 2003-இல் வாழ்நாள் சாதனையாளர் விருது!

'வேப்பர்' என்றால் ஆவி என்பதால் 'ஆவிமென்பொருள்' என்று எழுதிப் பார்த்தேன். இட்லிப் பானைதான் நினைவுக்கு வருகிறது. உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, ஆவியை விட்டுவிடுங்கள். தமிழில் ஆவி என்றால் உயிர், மூச்சு, நீராவி, பேய். பேகன் பிறந்த குடியும் ஆவியர் குடிதான். அவனை வையாவிக் கோப்பெரும் பேகன் என்கிறோம். மயிலுக்குப் போர்வை தந்தவன் அவன். தருகிறேன் என்று சொல்லித் தராதவர்களுக்கு அந்தக் குடிப்பெயரின் சாயல்கூட வேண்டாம்.

சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: இல்பொருள். உலகில் இல்லாத ஒன்றை உவமையாகக் காட்டுவது இல்பொருள் உவமை. தண்டியலங்காரம் அதை அபூத உவமை என்கிறது. கொம்பு முளைத்த குதிரையைச் சொல்லித்தான் பள்ளியில் இதைக் கற்பிக்கிறோம். மென்பொருள், வன்பொருள், இல்பொருள். மூன்றும் ஒரே குடும்பம். தேடல் முடிந்தது என்று கருதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து, மென்பொருள் பொறியாளர்:

ஐயா, கொம்பு முளைத்த குதிரை என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் துறையில் 100 கோடி டாலர் மதிப்பைத் தாண்டிய புது நிறுவனத்துக்கு 'யூனிகார்ன்' என்று பெயர். ஐலீன் லீ என்ற முதலீட்டாளர் 2013-இல் வைத்தது. ஒற்றைக் கொம்புக் குதிரை! காணக் கிடைக்காதது என்ற பொருளில் அவர் வைத்தார். நம் இலக்கண ஆசிரியர்கள் இல்லாதது என்பதற்கு அதே குதிரையைப் பிடித்தார்கள். இதைத் தனி இழையாகப் பேச வேண்டும்.

ஆனால் இல்பொருளில் எனக்கு ஐயம் உண்டு. இல் என்றால் வீடும்தானே? இல்பொருள் என்று படிக்கிறவர் அம்மி, ஆட்டுக்கல், பித்தளைக் குடம் என்று எண்ணமாட்டாரா?

தஞ்சாவூர்:

தம்பி, எண்ணமாட்டார். வீட்டின் பொருள் என்றால் வேற்றுமைப் புணர்ச்சி; லகரம் றகரமாகத் திரிந்து இற்பொருள் என்றாகும். இல்லாத பொருள் என்பது அல்வழி. அங்கே லகரம் திரியாமலும் நிற்கும். நன்னூல் இதற்கு வழி செய்திருக்கிறது. ஓர் எழுத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

மதுரையிலிருந்து, பள்ளிக் கணினி ஆசிரியை:

தெளிவாகத் தெரிவது நம் குழுவுக்கு, ஐயா. என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேற்றுமையும் அல்வழியும் தேர்வுக்கு முந்தைய இரவு மட்டுமே தெரியும்.

'தீம்பொருள்' என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். கணினிக்குத் தீங்கு செய்யும் மால்வேருக்கு அதை வைத்தோம். தீந்தமிழ், தீம்பால், தீஞ்சுவை என்று படித்து வளர்ந்த பிள்ளை அதை இனிமையான பொருள் என்று எழுதியது. நான் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. பிழை சொல்லை ஆக்கியவர்களுடையது. '-பொருள்' என்ற வாலை ஒட்டிவிட்டால் சொல் பிறந்துவிடும் என்ற பழக்கம் போதும் என்பேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, சிற்றிதழ் ஆசிரியர்:

கானல் நீரை ஏன் எவரும் தொடவில்லை? கானற்பொருள் என்றால் எல்லோருக்கும் விளங்கும். தூரத்தில் தெரியும், கிட்டப் போனால் இராது.

தஞ்சாவூர்:

கானலுக்குக் கடற்கரைச் சோலை என்ற பொருளும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல்வரி நெய்தல் நிலத்துப் பாட்டு. கானற்பொருள் என்றால் சங்கும் முத்தும் என் கண்முன் வருகின்றன. கானலைச் சொல்லத்தான் வேண்டும் என்றால் அதற்கு நம்மிடம் இன்னும் அழகான சொற்கள் உள்ளன: வெண்தேர், பேய்த்தேர். வெயிலில் பாலை நிலத்தில் அசைந்து நகர்வது போலத் தெரிவதைத் தேர் என்று கண்டிருக்கிறார்கள். ஓட்டுபவர் தெரியாததால் பேயின் தேர் ஆயிற்று என்பது என் எண்ணம். வெண்தேரில் உள்ள வெண்மையை நான் வெறுமையோடும் உறவுபடுத்துவேன். வெறு, வெறிது, வெளி, வெள் என்று விரித்துக்கொண்டே போகலாம்…

கோயம்புத்தூர்:

பேய்த்தேர்! ஐயா, இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? 2016 அக்டோபரில் ஈலான் மஸ்க், 2017 முடிவதற்குள் ஒரு டெஸ்லா கார் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் வரை தானே ஓட்டிக்கொண்டு போகும் என்றார். ஆண்டு முடிந்தது, அந்தப் பயணம் நடக்கவில்லை. ஓட்டுபவர் இல்லாத தேர், அதுவும் கானல். இதற்கென்றே வைத்தது போல இருக்கிறது. என் வாக்கு பேய்த்தேருக்கு.

சென்னை:

தம்பி, தானியங்கிக் காருக்கு அது அழகுதான். ஆனால் என் கட்டுரையில் விளையாட்டும் மின்னேற்றப் பலகையும் இயங்குதளமும் அல்லவா இருக்கின்றன? 'விண்டோஸ் ஒரு பேய்த்தேர்' என்று எழுதினால் வாசகர் என்ன நினைப்பார்? இன்று வியாழன். 17 இடங்களும் வெற்றிடமாகவே இருக்கின்றன.

மதுரை:

அக்கா, நேற்று வகுப்பில் பிள்ளைகளையே கேட்டேன். சொல்லைச் சொல்லவில்லை, கதையைச் சொன்னேன். 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்குக் கைபேசி என்று நாடே பரபரத்ததே, ஃப்ரீடம் 251, அந்தக் கதை. செய்தியாளர்களிடம் காட்டிய மாதிரிக் கைபேசியில் வேறொரு நிறுவனத்தின் பெயர் வெள்ளை மையால் மறைக்கப்பட்டிருந்தது என்றதும் வகுப்பே சிரித்தது. "இதை ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்றேன். 'மூலிகைப் பெட்ரோல்' என்றான் ஒருவன். 1996-இல் அவன் பிறக்கவே இல்லை, தாத்தாவிடம் கேட்டதாம். கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெண் "வாய்ப்பந்தல், டீச்சர்" என்றாள்.

அதற்குமேல் எனக்கு வேறு சொல் தோன்றவில்லை. வாயாலேயே பந்தல் போடுவது என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான். விருதுக்கு 'வாய்ப்பந்தல் விருது' என்று எழுதிப் பாருங்கள். விளக்கமே வேண்டாம்.

யாழ்ப்பாணம்:

மூலிகைப் பெட்ரோல் வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்க முடியாமல் போன உரிமைகோரலும், செய்ய நினைத்துச் செய்ய முடியாமல் போனதும் ஒன்றல்ல. ஏர்பவரை உண்மையிலேயே செய்து பார்த்தார்கள். தங்கள் தரத்துக்கு வரவில்லை என்று சொல்லிக் கைவிட்டார்கள். அதை மோசடியோடு சேர்த்து வைப்பது அநியாயம்.

வாய்ப்பந்தல் எனக்குப் பிடித்திருக்கிறது. பந்தல் எப்போதும் விழாவுக்கு முன்னே நிற்பது. கோயில் தேருக்கு முன்பே எங்கள் தெருவில் தண்ணீர்ப்பந்தல் எழும்பும். அதைக் கண்டுதான் தேர் வருகிறதென்று பிள்ளைகள் ஓடுவார்கள். வராத தேருக்குப் போட்ட பந்தல் என்றால் இந்த நிறுவனங்களின் மேடை அறிவிப்பு அப்படியே அதில் அடங்குகிறது.

தஞ்சாவூர்:

நான் மறுக்கிறேன். வாய்ப்பந்தல் என்பது செயல், ஒருவர் போடுவது. நமக்கு வேண்டியது பொருளின் பெயர். 'ஏர்பவர் ஒரு வாய்ப்பந்தல்' என்பதில் வாயும் பந்தலும் இருக்கின்றன, பலகையைக் காணோம்.

இன்னொன்று. 1995-இல் அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் மீதான வழக்கில் சமரசத் தீர்வை ஏற்க மறுத்த நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின், இந்த வேப்பர்வேர் பழக்கத்தையும் ஒரு காரணமாகப் பேசினார். மேல்முறையீட்டில் அவர் முடிவு தள்ளுபடியானது வேறு செய்தி. சொல் நீதிமன்றம் ஏறிவிட்டது என்பதே நான் சொல்ல வருவது. நாளை ஒரு தமிழ்த் தீர்ப்பில் 'எதிர்மனுதாரரின் வாய்ப்பந்தல்' என்று எழுத முடியுமா? கேலி ஒரு தலைமுறைக்குள் மங்கிவிடும். கலைச்சொல்லுக்கு நிதானம் வேண்டும்.

மதுரை:

ஐயா, அந்த நீதிபதி பேசிய சொல்லும் பிறக்கும்போதே கேலிதான். யாரும் குழு அமைத்து அதை ஆக்கவில்லை. காத்திருந்து சலித்தவர்கள் சிரித்துக்கொண்டே சொன்ன சொல் 13 ஆண்டுகளில் நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு இல்பொருள் என்று வைத்தால் விளக்கம் கிடைக்கும், சொல் கிடைக்காது. 251 ரூபாயை எண்ணிக்கொண்டு காத்திருந்தவர்கள் கோபத்தில் சொல்லக்கூடிய சொல்லாக அது இருக்க வேண்டும். தமிழுக்குக் கேலி புதிதா? நம் பாட்டிமார் கையாண்ட சொற்களைத் தொழில்நுட்பத்துக்குத் தகுதியில்லாதவை என்று ஒதுக்குவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கோயம்புத்தூர்:

செயல், பொருள் என்ற சிக்கலுக்கு ஒரு யோசனை. அறிவிப்பது வாய்ப்பந்தல், அறிவிக்கப்பட்டது வாய்ப்பந்தற்பொருள் என்று…

சென்னை:

தம்பி, பத்து எழுத்துச் சொல் 17 முறை வந்தால் பத்திகள் பிதுங்கும்.

இன்று வெள்ளி, மணி மூன்று. இதுவரை வந்த மடல்களைப் பார்த்தால் வாய்ப்பந்தலுக்கு மூவர், என்னையும் சேர்த்து. இல்பொருளுக்கு ஒருவர். பேய்த்தேரை எழுப்பிய தம்பி இப்போது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. 16 இடங்களில் வாய்ப்பந்தல் போட்டுவிட்டேன். நீதிமன்றம் வரும் பத்தியில் மட்டும் ஐயாவின் இல்பொருளை வைத்து, முதல் முறை வரும்போது வேப்பர்வேர் என்ற ஒலிபெயர்ப்பையும் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன். ஒரே கட்டுரையில் இரண்டு சொற்கள் என்று பதிப்பாசிரியர் கடிந்துகொள்ளலாம். அனைவருக்கும் நன்றி.

தஞ்சாவூர்:

ஓரிடத்திலாவது இடம் தந்ததற்கு நன்றி, அம்மா. ஆயினும் என் மறுப்பைப் பதிவுசெய்கிறேன். வெண்தேரைப் பற்றி நான் தொடங்கியதை எவரும் முடிக்க விடவில்லை. ஞாயிறன்று விரிவாக எழுதுகிறேன். கோவைத் தம்பி, கொம்பு முளைத்த குதிரைக்குத் தனி இழை தொடங்குவதாகச் சொன்னீர்களே?