மதர்போர்டு மட்டும் மாற்றி, விண்டோஸைத் தொடாமல் விட்ட அனுபவம் யாருக்கு உண்டு?

பாம்பன் பாலத்தடி

மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனி. ஜூன் 12, தடைக்காலம் முடிய இன்னும் இரண்டே நாள். சிஸ்டம் உயிரோடு இல்லை. கேபினெட்டைத் திறந்தால் 24 பின் கனெக்டர் ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. உப்புக் காற்றில் நாலு வருஷம் ஓடிய போர்டு, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ராமநாதபுரத்தில் வேறு கம்பெனி போர்டு ஒன்று கிடைத்தது. பழைய பிராசஸரும் ராமும் அதில் உட்கார்ந்துவிட்டன. ஹார்டு டிஸ்க்கை மட்டும் தொடாதே என்றார் முதலாளி. படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணக் கணக்கு முழுக்க அதில்தான்.

விண்டோஸ் 7. லோகோ வரும், நீலத்திரை மின்னி மறையும், மறுபடி முதலிலிருந்து. போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தேன்: 0x0000007B. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற பிழை.

கணக்கப்பிள்ளைக்கு அறுபது வயசு இருக்கும். "தம்பி, நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்தார். ஒவ்வொரு படகாக, கொடுத்த தொகையை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தார். நடுவில் கண்ணை மூடிக்கொள்வார், அப்புறம் எழுதுவார். எனக்கு வியர்த்துவிட்டது.

பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, ஏஹெச்சிஐ என்றிருந்தது. பழைய போர்டில் அதற்கு முந்தைய முறையான ஐடிஇ. மாற்றினேன், ஏறிவிட்டது. நோட்டையும் திரையையும் வரி வரியாக ஒப்பிட்டார். 31 படகில் இரண்டு ஒத்துவரவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டார், எது சரி என்று சொல்லவே இல்லை.

கீழக்கரை டிடிபி

எனக்கு விண்டோஸ் 10, தானாகவே ஏறியது. புள்ளிகள் பத்து நிமிஷம் சுற்றின, அவ்வளவுதான். பாமினி எழுத்துரு, பேஜ்மேக்கர் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் நிக்காஹ் பத்திரிகை ப்ரூஃப் பார்க்க வந்த மாமா, திரையின் வலது மூலையைக் காட்டி, "இந்த இங்கிலீஷும் அச்சுல வருமா?" என்றார். ஆக்டிவேட் செய்யச் சொல்லும் வாசகம்! சிஸ்டத்தோடு வந்த லைசன்ஸ், பழைய போர்டோடு போய்விட்டது.

தொண்டி சர்வீஸ்

பாம்பன் தம்பி, ஐடிஇ-க்கு மாற்றியது ஒட்டுப்போட்ட வேலை. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், சர்வீசஸின் கீழ் எம்எஸ்ஏஹெச்சிஐ என்று ஏஹெச்சிஐ டிரைவர் இருக்கும். அதன் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 0 ஆக்கிவிட்டு பயாஸில் ஏஹெச்சிஐ வைக்க வேண்டும். விண்டோஸ் 8-க்குப் பிறகு இந்தத் தொல்லை இல்லை, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கீழக்கரைக்காரர் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தனியாக வாங்கிய லைசன்ஸ் என்றால் போர்டைக் கழற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். ஏறிய பிறகு டிரபிள்ஷூட்டரில் ஹார்டுவேர் மாற்றியதாகச் சொன்னால் போதும், விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுதுங்கள். அது இல்லாமல் புதுப் போர்டில் டிஸ்க் திறக்காது. பழைய பிரிப்பு முறையான எம்பிஆர் டிஸ்க்கா, அதை ஏற்ற புதுப் போர்டில் லெகசி என்ற பழைய பூட் முறை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கதையா? ஒரு டியூஷன் சென்டரில் மாற்றினேன். ஏறியது.

பாம்பன் பாலத்தடி

அண்ணே, போர்டே செத்துக் கிடக்கும்போது ரெஜிஸ்ட்ரியை எங்கே போய்த் திறப்பது? ஐடிஇ-யில் ஏற்றிய பிறகுதானே! அப்புறம் அதையும் செய்தேன், எழுத விட்டுப்போச்சு.

ஏர்வாடி

அது கிடக்கட்டும். அந்த இரண்டு படகு என்னாச்சு?

பாம்பன் பாலத்தடி

அடுத்த வாரம் பிரிண்டர் பார்க்கப் போனேன். கணக்கு திறந்தே இருந்தது. நோட்டில் அவர் எழுதிய தொகைதான் இப்போது திரையிலும் இருந்தது.