லாபி செய்பவர்களுக்குக் கடிவாளம் தேவையா? ஒரு விவாதம்

காரைக்குடி வணிகர்:
2013-இல் ஒடிசாவைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் காளிகேஷ் நாராயண் சிங் தேவ், அரசின் சார்பில் அல்லாமல் தன் பொறுப்பில், ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். லாபி செய்பவர்கள், அதாவது கூலி வாங்கிக்கொண்டு அரசின் முடிவுகளை ஒரு நிறுவனத்துக்குச் சாதகமாக மாற்ற முயல்பவர்கள், யாருக்காக வேலை செய்கிறோம் என்பதைப் பகிரங்கமாகத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது சட்டமாகவில்லை. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். முறைகேடு செய்தால் சிறை என்ற பிரிவையும் சேர்க்க வேண்டும். இந்தியச் சந்தையில் நுழையும் வழி உள்ளிட்ட விஷயங்களுக்காக அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட் லாபி செய்தது 2012-இல் நமக்கு எப்படித் தெரிந்தது? அமெரிக்காவின் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நிறுவனம் அங்கே தாக்கல் செய்த அறிக்கைகளிலிருந்து! நம் நாடாளுமன்றம் அதன் பிறகுதான் கொந்தளித்தது. என் கடைத்தெருவின் தலையெழுத்தை வாஷிங்டன் பதிவேட்டில் படிக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

தேவகோட்டை வழக்கறிஞர்:
அண்ணே, கோபம் நியாயம், மருந்து தவறு. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-இல் சேர்த்த 7ஏ பிரிவைப் பாருங்கள். தனிப்பட்ட செல்வாக்கைக் காட்டிப் பொது ஊழியரை வளைப்பதற்காக ஆதாயம் பெறும் எவருக்கும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. சட்டம் கையில் இருக்கிறது, வழக்குப் போடத்தான் ஆளில்லை. இதற்கு மேல் லாபி செய்பவர்களுக்கென ஒரு பதிவேடு திறந்தால், இன்று பின்வாசல் வழியே போகிற தரகர் நாளை அடையாள அட்டையோடு முன்வாசலில் நுழைவார். அமெரிக்காவில் ஜாக் அப்ரமாஃப் என்ற லாபிக்காரர் 2006-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். மறு ஆண்டே சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அதே மனிதர் 2020-இல் மீண்டும் அதே தொழிலுக்காகக் குற்றம் சாட்டப்பட்டார். என்ன பயன்?

கண்டனூர் ஆச்சி:
என்ன பயன் என்று கேட்கிறீர்களே தம்பி, அந்த இரண்டாம் வழக்கில் பதிவு செய்யாமல் லாபி செய்ததும் ஒரு குற்றச்சாட்டுத்தானே? 2007-இல் கடுமையாக்கிய அந்தச் சட்டம் இல்லாவிட்டால் அந்தக் குற்றச்சாட்டை எதை வைத்துப் போட்டிருப்பார்கள்? லஞ்சத்தை நிரூபிக்கப் பணம் கைமாறியதைக் காட்ட வேண்டும். பதிவு செய்யாததை நிரூபிக்கப் பதிவேட்டைத் திறந்தாலே போதும். இந்த வேறுபாடு வழக்கறிஞருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று. செட்டிநாட்டு வட்டிக்கடைகளுக்காகப் பர்மாவுக்கு ஏஜெண்டாகப் போனவர்களின் வழக்கம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். மூன்றாண்டுக் கணக்கு, முதலாளியின் அதிகாரப் பத்திரம், ஊருக்கு வரும் ஐந்தொகை. ஏஜெண்ட் போட்ட கையெழுத்துக்கு முதலாளி பொறுப்பு. டெல்லியில் தரகரை அனுப்புகிற நிறுவனமும் அப்படித்தான் கட்டுப்பட வேண்டும். தரகர் மாட்டிக்கொண்டால் "அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்று அறிக்கை விட்டுக் கைகழுவுவதை மசோதா அனுமதிக்கக் கூடாது. எனக்கு இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அடுத்தது.

ஆத்தங்குடி பட்டறைக்காரர்:
பெரிய இடத்துப் பேச்சுக்கு நடுவே நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் சேர்ந்து வரியைக் குறைக்கச் சொல்லி மனு எழுத ஓர் ஆடிட்டரை அமர்த்தினால், அவரும் லாபிக்காரரா? காலாண்டுதோறும் அறிக்கை கொடுக்க எங்களிடம் ஆள் ஏது? பெரிய நிறுவனம் பத்து வக்கீல்களை வைத்துச் சமாளிக்கும். அபராதம் வந்து விழுவது எங்கள் தலையில். காரைக்குடிக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்தது எப்படி? வள்ளல் அழகப்பர் டெல்லியோடு பேசி, முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் தருகிறேன் என்று முன்வந்ததால்தானே 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார்? அரசிடம் போய்க் கேட்பதையே சந்தேகத்துக்குரிய செயலாக்கிவிடாதீர்கள்.

காரைக்குடி வணிகர்:
அழகப்பர் யாருக்கும் கூலி கொடுத்துத் தூது அனுப்பவில்லை. தன் பணத்தைக் கொடுத்தார், ஊரறியக் கொடுத்தார். தனக்காகத் தானே பேசுபவரை நான் சொல்லும் சட்டம் தொடாது. உங்கள் ஆடிட்டர் விஷயத்தில் உங்கள் அச்சம் சரி. பிரிட்டன் 2014-இல் இதற்கு நேர் எதிரான பக்கத்தில் சறுக்கியது. அங்கே ஆலோசகர்களாக லாபி செய்பவர்கள் மட்டுமே பதிவு செய்ய வேண்டும், நிறுவனத்தின் சொந்தச் சம்பளக்காரர் அந்தப் பதிவேட்டுக்குள் வருவதில்லை. சிறு சங்கங்களை விட்டுவிட்டு, பெரிய நிறுவனத்தின் சம்பளக்காரரைப் பிடிக்கும்படி எழுத முடியும்.

தேவகோட்டை வழக்கறிஞர்:
ஆச்சி சொன்ன முதலாளி பொறுப்பை ஏற்கிறேன். 2018 திருத்தத்தின் 9-ஆம் பிரிவு லஞ்சத்துக்கு அதைச் சொல்லியிருக்கிறது, லாபிக்கும் நீட்டலாம். ஆனால் பதிவேட்டை யார் வைத்திருப்பார்? கனடாவில் லாபி ஆணையர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். உயர்பதவியில் இருந்தவர் விலகியபின் ஐந்தாண்டு அங்கே லாபி செய்ய முடியாது. இங்கே ஓர் அமைச்சகத்தின் கீழ் வைத்தால், ஆளுங்கட்சிக்கு வேண்டாத தன்னார்வ அமைப்புகளுக்குத்தான் முதல் நோட்டீஸ் போகும். அந்தப் பிரிவு தெளிவாகாமல் என் ஆதரவு இல்லை. 1970-க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை என்பதையும் மறக்காதீர்கள். அரசே கொண்டுவந்தால்தான் உண்டு. அரசு தன்னைக் கட்டுப்படுத்தும் ஆணையரைத் தானே நியமிக்குமா?

கண்டனூர் ஆச்சி:
தகவல் உரிமைச் சட்டத்தை எந்த அரசு விரும்பிக் கொடுத்தது? மக்கள் விடாமல் கேட்டார்கள், 2005-இல் வந்தது.

ஆத்தங்குடி பட்டறைக்காரர்:
கூலிப் பட்டறைகள், நெசவாளர் சங்கங்கள், விவசாயிகள் தங்களுக்காகக் கொடுக்கும் மனுவுக்கு விலக்கு உண்டு என்று மசோதாவின் தொடக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதினால் எங்கள் சங்கத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன். அதுவரை நான் எதிர்ப்புப் பக்கம்தான்.