நார்க்கட்டி வேகமாக வளர்ந்தால் கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டுமா?

மல்லிகைப்பந்தல்: வயது 46, மாதவிடாய் நிற்கவில்லை. ஒரே வருடத்தில் கட்டி 4 செ.மீ.யிலிருந்து 6 ஆகியிருக்கிறது. உதிரப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 9.8. "கேன்சராகவும் இருக்கலாம், எடுத்துடுங்க" என்கிறார்கள். எடுக்கலாமா?

செங்காந்தள்: எடுப்பதே நல்லது. 2 செ.மீ.தானே என்று விடாதீர்கள், கன அளவில் மூன்று மடங்குக்கும் மேல். கர்ப்பப்பைத் தசையில் வரும் அரிய புற்றுநோயான சார்கோமாவை அல்ட்ராசவுண்டில் நார்க்கட்டியிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய முடியாது. நார்க்கட்டி என்று நம்பி அறுவை செய்தவர்களில் 350 பேருக்கு ஒருவரிடம் சார்கோமா இருந்ததாக அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் எச்சரித்தது.

நெய்தல்: அந்த எச்சரிக்கை, கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கும் மார்சலேட்டர் கருவியைப் பற்றியது. எப்படி எடுக்கக் கூடாது என்றுதான் சொன்னது, எல்லோருக்கும் எடுங்கள் என்று சொல்லவில்லை. 350இல் ஒன்று என்ற விகிதம் அறுவைக்குப் போனவர்களை மட்டும் வைத்துச் சொன்னது. தொந்தரவே இல்லாமல் கட்டியோடு இருக்கும் பெண்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. வேக வளர்ச்சிக்காக அறுவை செய்த 371 பேரை 1994இல் ஓர் ஆய்வு பார்த்தது. சார்கோமா இருந்தது ஒருவருக்கு மட்டும்.

செங்காந்தள்: அந்த ஒருவர் இவராக இருந்தால்? லியோமயோசார்கோமா என்ற சார்கோமா வகை நுரையீரலுக்குப் பரவக்கூடியது, தாமதத்துக்கு இடமில்லை.

நெய்தல்: அதனால்தான் முதலில் பரிசோதனை கேட்கிறேன். 45 வயதுக்கு மேல் அதிக உதிரப்போக்கு என்றால் எண்டோமெட்ரியல் பயாப்சி (கர்ப்பப்பை உள்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) கட்டாயம். கர்ப்பப்பை உள்சவ்வில் வரும் புற்றுநோய் சார்கோமாவை விடப் பல மடங்கு சகஜம், ஆனால் கட்டியையே பார்த்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். தசைக்குள் இருக்கும் சார்கோமா இதில் தப்பலாம். அதற்கு டிஃப்யூஷன் படமும் (திசுவில் நீர் அசைவதைக் காட்டுவது) கான்ட்ராஸ்ட் ஊசியும் சேர்ந்த எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதில் டி2 என்ற வகைப் படத்தில் கட்டி கருமையாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. வெளுத்து, ஓரம் ஒழுங்கற்று, உள்ளே ரத்தக்கசிவோடு, டிஃப்யூஷனும் தடைபட்டிருந்தால் சந்தேகம். அப்போது நேராகப் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் போங்கள். வயிற்று வழியாகக் கட்டியில் ஊசி குத்தி பயாப்சி எடுக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். செல்கள் சிந்தலாம், ஊசி தவறான இடத்திலும் படலாம்.

செங்காந்தள்: எம்.ஆர்.ஐ.யும் நூறு சதவீதம் இல்லை. ஆறு மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரச் சொன்னால் பலர் வருவதே இல்லை.

நெய்தல்: வராமல் போவதற்குக் கர்ப்பப்பை தண்டனையா? அடுத்த ஸ்கேன் தேதியை எழுதிக் கொடுங்கள். அதே சென்டரில், கட்டியின் நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகளையும் குறித்து வாங்கச் சொல்லுங்கள். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து. உதிரப்போக்கைக் குறைக்க டிரனெக்சமிக் அமில மாத்திரை 1 கிராம், நாளுக்கு 3 வேளை, அதிகம் போகும் 4 நாள் வரை. ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து கட்டி வந்தவர்களுக்கு ஆகாது, மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கட்டி உள்ளறையை நெளிக்கவில்லை என்றால் காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் மிரேனாவும் உண்டு.

செங்காந்தள்: இவருக்கு அது சரி. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு வளரும் கட்டிக்கும், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபன் மாத்திரை சாப்பிடுபவருக்கும், இடுப்பில் முன்பு கதிர்வீச்சு பெற்றவருக்கும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

நெய்தல்: அதில் மாற்றுக்கருத்தே இல்லை. அறுவை முடிவானால் துண்டாக்காமல் முழுசாக எடுப்பார்களா என்று முன்பே கேளுங்கள். சேர்த்தே சினைப்பையையும் எடுப்பதாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். 46 வயதில் அது போனால் எலும்பும் இதயமும் பாதிக்கும்.