மை ஓவியம்: ஆதிமூலம் சாயல்லேர்ந்து எப்படி வெளிய வர்றது?

கேள்வி:
கொஞ்ச காலமா கருப்பு மையிலதான் வரையறேன். 1969 காந்தி நூற்றாண்டு சமயத்துல ஓவியர் ஆதிமூலம் சார் வரைஞ்ச காந்தி படங்கள பாத்ததுலேர்ந்து வேற எதுவும் கண்ணுல நிக்கல, அந்த கிறுக்கலான கோட்டுக்குள்ள முகம் எப்படி உக்காருதுன்னே புரியல, இப்ப நான் எத வரைஞ்சாலும் அவர் சாயல்தான் வருது. நீங்கல்லாம் என்ன பண்ணீங்க?

பதில் 1:
சாயல் வரட்டும் ப்ரோ, பயப்படாதீங்க. கூடவே ஓவியர் சில்பியோட கோயில் சிற்ப படங்களையும் பாருங்க. சிலை முன்னாடியே உக்காந்து வரைஞ்ச மனுஷன், நகை, துணி மடிப்பு ஒண்ணு விடமாட்டாரு. ரெண்டு பேரும் படிச்சது சென்னை ஓவியக் கல்லூரிதான், ஆனா கோடு எவ்ளோ வேற பாருங்க!

பதில் 2:
எந்த பேனா யூஸ் பண்றீங்க தம்பி? மையில தொட்டு வரையற நிப் எடுங்க. அழுத்தினா கோடு தடிக்கும், விட்டா மெலியும், உங்க கை அழுத்தம் அப்படியே பேப்பர்ல தெரியும், ராட்ரிங் மாதிரி டெக்னிக்கல் பேனால எல்லாம் ஒரே தடிமன்தான். பென்சில் வேணாம், பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்கள நேரா மையிலயே போடுங்க, ஆள் நகர்றதுக்குள்ள முடிக்கணும்னா யார் சாயலும் ஞாபகம் வராது. இந்தியன் இங்க்க மட்டும் ஃபவுண்டன் பேனால ஊத்திடாதீங்க, காஞ்சு அடைச்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிண்ணா. நிப்புக்கு சாதா கார்ட்ரிட்ஜ் பேப்பர் (படம் வரையற பேப்பர்) தாங்குமா, மை பரவுமா?

பதில் 2:
கொஞ்சம் தடியான, வழவழன்னு இருக்கறதா பாத்து வாங்குங்க, பரவாது.