ஸ்காபரோவிலிருந்து மொன்றியலுக்குக் கார்: பனிக்கு முன் என்னென்ன செய்ய வேணும்?

கீரிமலை:
2016 கொரோலா, இரவில் வெளியில்தான் நிற்கும். டிசம்பர் நடுவில் 401 நெடுஞ்சாலை வழியாக மொன்றியல் போக வேணும். இருப்பது ஆல் சீசன் ரயர், தவாளிப்பு 5 மிமீ. முன்னுக்கு இரண்டுக்கு மட்டும் வின்ரர் ரயர் போட்டால் காணுமா? மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் வின்ரர் ரயர் கட்டாயமாம், அந்தச் சட்டம் எங்களுக்கும் உண்டா? பற்றரிக்கு நாலு வயது.

ஸ்பானர்:
நாலும் போடுங்கோ. முன்னுக்கு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கும். வளைவில் பிரேக்கைத் தொட்டதும் கார் சுழன்றுவிடும். அரைகுறையாகப் போடுவதுதான் எனக்குப் பெரிய பயம். 7 பாகைக்குக் கீழே ஆல் சீசன் ரப்பர் இறுகும், பனி இல்லாத ரோட்டிலும் பிடி குறையும். வாங்கும்போது பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் உள்ள அடையாளத்தைப் பாருங்கோ. எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும் என்ற குறி) மட்டும் இருந்தால் காணாது.

ரயர் மாற்றி 100 கிமீ ஓடியதும் சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்க வேணும். கொரோலாவுக்கு இறுக்கும் அளவு 103 நியூட்டன் மீற்றர்.

கியூபெக் சட்டம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, அங்கே பதிந்த கார்களுக்கு. உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2016 தொடக்கம் வின்ரர் ரயருக்குக் காப்புறுதியில் கழிவு உண்டு, ரசீதை எறியாதேங்கோ.

குளிர்காற்று:
ஸ்பானர் சொன்னதோடு ரயர் காற்றையும் பாருங்கோ. ஐந்தாறு பாகை இறங்க ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும். 20 பாகை கராஜில் அடித்த ரயர் -15 இல் ஆறு பிஎஸ்ஐ இறங்கி நிற்கும். ஆகவே காலையில், கார் ஓட முதல், கதவுச் சட்டத்தில் உள்ள அளவுக்கு அடியுங்கோ.

பற்றரி: இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ற் காட்டினால் நிறைந்திருக்கு. 12.4 க்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ணி, லோட் ரெஸ்ற் (பாரம் கொடுத்துப் பற்றரியைச் சோதிப்பது) செய்யுங்கோ. -18 இல் வலு ஏறத்தாழ பாதியாகும், எஞ்சின் எண்ணெயும் தடிக்கும், அதனால்தான் நாலு வயதுப் பற்றரி முதல் கடுங்குளிரில் கைவிடும். சார்ஜ் இறங்கிய பற்றரி உறைந்தும் போகும். உறைந்ததற்கு வேறு காரிலிருந்து ஜம்ப் கொடுக்கவே கூடாது, வெடிக்கலாம்.

எஞ்சினைக் குளிராக்கும் கூலன்றும் தண்ணியும் பாதிக்குப் பாதி இருந்தால் -35 வரை தாங்கும். தனிக் கூலன்ற் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினையாதேங்கோ. அது -13 அளவிலேயே உறையும்.

கீரிமலை:
நன்றி. கண்ணாடி கழுவும் தண்ணி -40 வாங்கிவிட்டேன். கோடைத் தண்ணி கொஞ்சம் மிச்சம் இருக்கு, மேலே ஊற்றலாமா?

ஸ்பானர்:
வேண்டாம். முதலில் பழையதைப் பீச்சி முடியுங்கோ, இல்லையென்றால் கலந்து குழாயிலேயே உறையும். 401 இல் உப்புச்சேறு அடித்துக்கொண்டே இருக்கும், 3.78 லீற்றர் கலன் ஒன்றை மேலதிகமாகக் காரின் பின்பெட்டியில் வையுங்கோ. ஒரு மண்வெட்டியும் வேணும்: பனியில் புதைந்தால், எஞ்சினை ஓடவிட முதல் புகைக்குழாய் வாயைத் துப்புரவாக்குங்கோ. அடைத்திருந்தால் காபன் மொனொக்சைட்டு காருக்குள் ஏறும், மணமே வராது.