பிஸ்கா காட்டில் சைக்கிள் பாதைகள்: சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நவம்பரில் நானும் தம்பியும் மவுன்டன் பைக்கோடு வட கரோலினாவின் பிஸ்கா தேசியக் காட்டுக்குப் போகிறோம். பிரெவார்டில் தங்குகிறோம். வேரும் பாறையுமாக இருக்கும் பிளாக் மவுன்டன் பாதையில் இறங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பென்னட் கேப் பாதையில் அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரைதான் சைக்கிளை விடுவார்கள், அதனால்தான் நவம்பர். தம்பி புதியவன், அவனுக்கு முதல் நாள் ஆஷ்வில் நகரத்துப் பக்கம் உள்ள பென்ட் கிரீக் பாதைகள் சரியாக இருக்குமா?

முக்கியமான கேள்வி இதுதான். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்த மலைகளைப் புரட்டிப் போட்டது. மரம் விழுந்தும் மண் சரிந்தும் கெட்ட பாதைகளில் எவை இப்போது ஓட்டும் நிலையில் இருக்கின்றன?

அப்புறம், வேட்டைக் காலம் என்பதால் ஆரஞ்சு சட்டை எடுத்துக்கொள்கிறோம். வேறென்ன கவனிக்க வேண்டும்?